பதினோராம் கட்டிலின் நாடி

எங்கள் ஆஸ்பத்திரியின் எல்லா வார்டுகளிலும் கமரா பூட்டப் போகிறார்களாம். ஆளைத் தொடாமல், தள்ளி நின்று முகத்தைப் பார்த்தே நாடித் துடிப்பைச் சொல்லும் கமரா. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன கிழமை நலன்புரிச் சங்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் முறையில் எல்லாரும் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். "நானா, முதன்முதல் அது நம்மட ஏழாம் வார்டுக்கு வந்த நேரம் நீங்கதானே நிண்டது. சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத வராது என்றேன். "கதைக்கவும் வராது, எழுதவும் வராதெண்டா எப்படி நானா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

அதற்கு மறுமொழி சொல்லத் தெரியாததால் ஒப்புக்கொண்டேன். என் முதுகுக்கு அரை மணிக்கு மேல் கதிரையில் இருக்க ஏலாது. கொஞ்சம் எழுதிவிட்டுப் படுத்து, பிறகு எழும்பி எழுதியது இது. கமராவைப் பற்றிப் படித்தவர்கள் எழுதுவார்கள். நான் பதினோராம் கட்டிலில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் ஊர் எத்தாளை. வாப்பா கரைவலை இழுத்தவர். பத்து வயதில் நானும் கயிற்றைப் பிடித்துவிட்டேன். இருபத்தாறு வயதில் ஆஸ்பத்திரிக்கு அமய ஊழியனாகப் போய், ஆறு வருடத்தில் நிரந்தரமாகி, மொத்தம் முப்பது வருடம் சிற்றூழியனாக வேலை செய்தேன். ஆட்களைத் தூக்குவது, துடைப்பது, தள்ளுகட்டிலில் கொண்டு போவது, தரை கழுவுவது, மௌத்தானவர்களின் உடலைச் சீலையால் மூடி ஒப்படைப்பது. முதுகு போனது ஆட்களைத் தூக்கித்தான். அதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

ஏழாம் வார்ட் ஆண்கள் வார்ட். அதற்குப் பொறுப்பு மெர்சி சிஸ்டர். சிலாபத்துக்காரர். தமிழில் தொடங்கிய வசனத்தைச் சிங்களத்தில் முடிப்பார். முப்பது வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. பிழை கண்டால் கிட்ட வருவார், குரலை இன்னும் தாழ்த்துவார், ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வார்ட் ஓடியது.

நாற்பது கட்டிலுக்குப் பகலில் மூன்று மிஸ்மார், அதாவது தாதிமார். சில நாளில் இரண்டு. ஒரு நாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "நசீர், கையக் காட்டுங்க" என்றார். காட்டினேன். விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தார். "கயிறு இழுத்த கை. தோல் தடிப்புத்தான். பரவாயில்ல, பழகும்" என்று சொல்லி, நாடி பிடிக்கச் சொல்லித் தந்தார்.

அவருடைய முறை இதுதான். நோயாளியின் கை நெஞ்சுக்கு நேரே, மெத்தையில் சாய்ந்திருக்க வேண்டும். தொங்கக் கூடாது. மூன்று விரலை வைக்க வேண்டும். பெருவிரலை ஒருபோதும் வைக்கக் கூடாது. அதற்குள்ளே நம்முடைய சொந்தத் துடிப்பு ஓடும், நோயாளியின் துடிப்பு என்று நினைத்து நம்முடையதை எண்ணிவிடுவோம். முதலில் எண்ணாமல் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும். 'கேட்க' என்றுதான் சொல்வார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து முழு நிமிடம் எண்ண வேண்டும்.

முதல் நாள் நான் ஒருவருக்கு எழுபத்திரண்டு என்றேன்.

"முழு நிமிஷமா?"

"இல்ல சிஸ்டர். அரை நிமிஷம். முப்பத்தாறு. ரெண்டால பெருக்கினன்."

கிட்ட வந்தார். "மற்ற அரை நிமிஷம் அந்த மனுசனுக்கு உயிர் இருந்திச்சா, இல்லையா?"

அதற்குப் பிறகு நான் அரை நிமிடத்தில் நிறுத்தியதில்லை. சட்டப்படி அது என் வேலையல்ல. நான் எண்ணிச் சொல்வேன், மிஸ்மார் எழுதுவார்கள், ஒப்பம் அவர்களுடையது. பதினான்கு வருடம் அப்படித்தான் போனது.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. காரணம் பெருமைப்படுகிற மாதிரியானதல்ல. நான் கூச்சக்காரன். தெரியாத ஆளிடம் "எப்படி இருக்கு, சாப்பிட்டீங்களா" என்று கேட்க எனக்கு நாக்கு எழும்பாது. மணிக்கட்டைப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்கு நான் கதைக்கத் தேவையில்லை. எண்ணுகிறேன் என்று தெரிவதால் அவர்களும் கதைக்க மாட்டார்கள். நாற்பது கட்டிலுக்கு நாற்பது நிமிடம் அமைதி. வேறு எந்த வேலையில் அது கிடைக்கும்?

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் கமரா வந்தது. கொழும்பிலிருந்து ஓர் இளம் டொக்டர் கொண்டுவந்தார். நல்ல பிள்ளை. எல்லாரையும் போல அவரும் என்னை நானா என்றே கூப்பிட்டார். பெரிய சாமான் ஒன்றுமில்லை, கடையில் வாங்குகிற சாதாரணக் கமராதான். எட்டாம் கட்டிலிலிருந்து பதினோராம் கட்டில் வரை கால்மாட்டில் ஒவ்வொரு கம்பி நட்டு, அதில் கமராவைப் பூட்டி, வயரை மேசையில் இருந்த கணினிக்கு இழுத்தார். கணினியில் நாலு முகம் தெரியும். ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு பச்சைக் கட்டம். கட்டத்துக்குப் பக்கத்தில் எண்.

அது எப்படி என்று எனக்கும் பொறுமையாக விளக்கினார். இதயம் அடிக்க அடிக்க முகத்துத் தோலுக்குள் இரத்தம் ஏறி இறங்குகிறது. அப்போது தோலின் நிறம் இம்மியளவு மாறுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை ஒரே சீராக மாறுகிறது என்று கணினி எண்ணுகிறது. தேவை வெளிச்சமும் ஆள் அசையாமல் இருப்பதும்தான். அதனால் பகலில் மட்டும் வேலை செய்யும்.

முதல் கிழமை பெரும் பாடு. மின்விசிறியின் நிழல் முகத்தில் சுற்றினால் எண் நூற்றைம்பதைத் தாண்டும். விசிறியை நகர்த்தினார்கள். வெயிலில் கறுத்த முகங்களில் எண் வருவதற்கு நேரமெடுத்தது. அதை டொக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, ஒன்பதாம் கட்டிலில் இருந்த மீன் வியாபாரி, "அப்ப பவுடர் பூசிக்கிட்டுப் படுக்கவா டொக்டர்? மாப்பிள்ளைக்கு வீடியோ எடுக்கிற மாதிரித்தான் இருக்கு" என்று கேட்டு வார்டையே சிரிக்க வைத்தார். டொக்டர் ஒரு விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு எண்கள் ஒழுங்காக வந்தன. மிஸ்மாருக்குப் பெரிய ஆறுதல். அந்த நாலு கட்டிலுக்கும் இனி நாடி பிடிக்கத் தேவையில்லை, பார்த்து எழுதினால் போதும். காலையும் மாலையும் ஒவ்வொரு தடவை கையால் எண்ணி ஒப்பிட வேண்டும் என்று தாளில் ஒரு நிரல் இருந்தது. கொஞ்ச நாளில் அந்த நிரலிலும் கமராவைப் பார்த்தே எழுதத் தொடங்கினார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் மதியச் சோற்றை நின்றுகொண்டு தின்றவர்கள்.

அந்த நாட்களில் ஒரு தடவை எட்டாம் கட்டில்காரரின் நாடியைப் பழக்கத்தில் பிடித்தேன். எண்பத்தெட்டு. கமரா தொண்ணூற்றாறு காட்டியது. மிஸ்ஸிடம் சொன்னேன். டொக்டர் உடனே ஈசிஜி எடுத்துப் பார்த்தார். தொண்ணூற்றைந்து. கமராதான் சரி. இடையிடையே மெல்லியதாய் வந்த துடிப்புகளை என் விரல் விட்டுவிட்டது. "நானாட கைக்கு பற்றரி முடிஞ்சிது" என்று தள்ளுகட்டில்காரப் பொடியன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் என் விரல் நுனிகளை விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு நான் செய்தது விளங்க வேண்டுமென்றால் இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஹமீது காக்கா அதற்கு அடுத்த கிழமை நோயாளியாக வந்தார். வயதில் மூத்தவர்களை எங்களில் காக்கா என்றும் சொல்வோம். அறுபத்தைந்து வயதிருக்கும். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். கொஞ்சக் காலம் முகாமில் இருந்து, பிறகு தில்லையடியில் வீடு கட்டி, முப்பது வருடம் உப்பளத்தில் வேலை செய்தவர். உப்பு வாரிக்கொண்டு நின்றபோது திடீரென்று விழுந்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் அது இரண்டாம் தடவை. வந்தவுடனே ஈசிஜி எடுத்தார்கள், அந்த நேரம் எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்ப்போம் என்று பதினோராம் கட்டிலில் போட்டார்கள். விரலில் மாட்டுகிற கிளிப் அவருக்குச் சரிவரவில்லை. உப்புத் தண்ணீரில் வெடித்துத் தடித்த விரல்களில் அது ஒன்றும் காட்டாது. "இவருக்கெண்டே செஞ்ச மாதிரித்தான் நம்மட கமரா" என்று டொக்டர் சந்தோஷப்பட்டார்.

ஹமீது காக்கா அமைதியான ஆள். டொக்டர் கதைக்க வேண்டாம், அசைய வேண்டாம் என்று சொன்னதிலிருந்து வாயையே திறக்கவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இருப்பார். கமரா எழுபத்துமூன்று, எழுபத்துநாலு என்று காட்டும். அவ்வளவு சீரான எண் மற்ற மூன்று கட்டிலிலும் இல்லை. இரவில் மிஸ் கையால் எண்ணி நாற்பத்துநாலு என்று எழுதியிருந்தார். காலைச் சுற்றுக்கு வந்த வார்ட் டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, நித்திரையில் குறையும்தானே என்றார். பகல் எண்கள் எல்லாம் அழகாக இருந்தன.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவருக்கு உடம்பு துடைத்தேன். வலது கையைத் துடைத்து முடித்ததும் என் மூன்று விரலும் தன்பாட்டில் மணிக்கட்டில் போய் இருந்தன. கேட்டேன். ஒரு துடிப்பு. பிறகு நெடு நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று. மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தெட்டு. மேசையைத் திரும்பிப் பார்த்தேன், எழுபத்துநாலு. இன்னொரு நிமிடம் எண்ணினேன். முப்பத்தெட்டு. ஹமீது காக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் கையை மெதுவாக மெத்தையில் வைத்துவிட்டு, தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை.

இடையில் துடிப்புகளை விட்டுவிட்டேன் போல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போன தடவை எட்டை விட்டேன், இந்தத் தடவை முப்பத்தாறை விட்டிருப்பேன். முப்பத்தாறை ஒருவனும் விட மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மேசைக்கு முன்னால் போய் நின்று, எல்லாரும் திரும்பிப் பார்க்க, உங்கள் கமரா பிழை என்று சொல்லுகிற காட்சியை நினைத்தாலே எனக்கு வியர்த்தது. பன்னிரண்டு மணிக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். பிறகு இரண்டு மணிக்கு. பிறகு சிஸ்டர் தனியாக இருக்கும்போது.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முகம் கை கால் கழுவி வுழூ எடுக்கப் போன ஹமீது காக்கா குளியலறை வாசலில் விழுந்தார். நெற்றி வெடித்தது. நான்தான் தூக்கி வந்தேன். ஐந்து தையல் போட்டார்கள்.

"எப்படி விழுந்தார்?" என்று வார்ட் டொக்டர் கேட்டார். யாரோ தரை ஈரம் என்றார்கள். அந்த நேரத்தில் அந்தத் தரைக்குப் பொறுப்பு நான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம் டொக்டர். ஈரம்தான். நான் துடைக்க மறந்துட்டன்" என்றேன்.

அது பொய். தரை காய்ந்து கிடந்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்வது எனக்கு லேசாக இருந்தது. ஏச்சு வாங்குவதற்குக் குனிந்து நின்றால் போதும், வாய் திறக்கத் தேவையில்லை. டொக்டர் ஏசினார். அறிக்கை எழுதினார்கள், கையொப்பம் வைத்தேன். எல்லாரும் போன பிறகு மெர்சி சிஸ்டர் கிட்ட வந்தார்.

"நசீர், முப்பது வருஷத்தில நீங்க எப்ப தரைய ஈரமா விட்டீங்க?"

நான் துடைப்பத்தை எடுத்தேன். சிஸ்டர் போய்விட்டார்.

அடுத்த நாள் எனக்கு ஓய்வு நாள். ஆனாலும் வார்டுக்குப் போனேன். காலை எட்டு மணியிலிருந்து பதினோராம் கட்டில் பக்கத்திலேயே ஏதாவது வேலை தேடிக்கொண்டு நின்றேன். ஜன்னல் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன். அந்த ஜன்னல் களப்புப் பக்கம் பார்த்தது. தண்ணீரில் பட்ட வெயில் அதன் வழியே நேரே கட்டிலுக்கு வரும். ஹமீது காக்கா நெற்றியில் கட்டோடு சாய்ந்திருந்தார். பச்சைக் கட்டத்தைக் கன்னத்துக்கு இறக்கியிருந்தார்கள். எழுபத்துநாலு. கையில் துணியோடு அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் கண்டேன். கன்னத்தில் வெளிச்சம் ஏறியது, இறங்கியது, ஏறியது. அவருடைய மோவாய் மெல்ல, மிக மெல்ல முன்னே வந்து பின்னே போனது. சீலைக்குக் கீழே பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போனது.

மணிக்கூட்டைப் பார்த்து அந்த அசைவை எண்ணினேன். முழு நிமிடம். எழுபத்துநாலு.

அவர் திக்ரு செய்துகொண்டிருந்தார். வாயைத் திறக்காமல், உள்ளுக்குள்ளே, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு அல்லாஹ். கமரா அவருடைய இதயத்தை எண்ணவில்லை. மூன்று நாளாக அவருடைய திக்ரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

அன்று கமரா டொக்டரும் வந்திருந்தார். மேசையில் இருந்தார், பக்கத்தில் சிஸ்டர் நின்றார். பத்து அடி தூரம். அந்தப் பத்து அடியை நான் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. சொன்னால் நம்புவார்களா, சிரிப்பார்களா என்று நினைத்தேன். அவர் திக்ரை நிறுத்தினால் எண் மாறும், அதை அவர்களே காண்பார்கள், நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். அப்போதும் வாய் திறக்காமல் தப்பத்தான் வழி தேடினேன்.

குனிந்து, "காக்கா, ஒரு நிமிஷம் திக்ர நிப்பாட்டுவீங்களா?" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "என்னத்த?"

"திக்ர. தலை அசையுது. அதால கமரா பிழையாக் காட்டுது. ஒரே ஒரு நிமிஷம்."

"நீங்க முஸ்லிம்தானே?"

"ஓம் காக்கா. நசீர்."

"நசீர் எண்டு பேர வெச்சிக்கிட்டு, மௌத்தப் பார்த்துக்கிட்டு இருக்கிறவனுக்கிட்ட அல்லாஹ்வச் சொல்லாத எண்டு சொல்றீங்க?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "தம்பி, நான் மூணு தரம் விழுந்துட்டன். ஒருக்காலும் சொல்லிட்டு வரல்ல. பட்டெண்டு இருட்டு, அவ்வளவுதான். கலிமா சொல்ல நேரமில்ல. அடுத்த தரம் எழும்பாம போனா? நாக்கு சும்மா இருக்கிற நேரமாப் பார்த்து அது வந்தா? கண் முழிச்சிருக்கிற ஒரு நிமிஷத்தயும் நான் சும்மா விட மாட்டன்."

அவருடைய பயம் நியாயமானது. முப்பத்தெட்டு என்று தெரிந்தவன் நான், அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் போக முடியும் என்பதும் எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லி அந்த நிமிடத்தில் மௌத்தானால் அதை யார் தலையில் போடுவது? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"நீங்க நிப்பாட்டுங்க காக்கா. அந்த ஒரு நிமிஷமும் உங்களுக்காக நான் சொல்றன்."

அவர் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்தார்.

"சொல்றதெண்டா கலிமாவச் சொல்லுங்க. காதுக்குள்ள முணுமுணுக்க வேணாம். எனக்குக் கேக்கணும்."

அந்த வார்டில் முப்பத்தெட்டு நோயாளர், மூன்று மிஸ்மார், சிஸ்டர், டொக்டர். என் நிக்காஹ்வில் கூட நான் சத்தமாகக் கதைத்ததில்லை, சாட்சிக்கு வந்தவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். இப்போது பதினோராம் கட்டிலின் தலைமாட்டில் குனிந்து, "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று சொல்லத் தொடங்கினேன். "கேக்கல்ல" என்றார். சத்தத்தைக் கூட்டினேன். வார்ட் அடங்கியது. ஒன்பதாம் கட்டிலில் இருந்தவர் எழும்பி உட்கார்ந்தார். ஹமீது காக்கா அசைவை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் விரல்கள் அவருடைய மணிக்கட்டில். கண் மேசையில். எழுபத்துநாலு. எழுபத்துநாலு. லா இலாஹ இல்லல்லாஹ். எழுபத்துநாலு.

அது நோயாளரைப் பார்க்க வருகிற நேரம். வாசலில் ஏதோ விழுந்து உருண்டது.

"யா அல்லாஹ்! என்ட மனுசன்!"

ஹமீது காக்காவின் மனைவி ஜெமிலா ராத்தா. சோற்றுச் சட்டி தரையில் கிடந்தது. மௌத்தாகப் போகிறவர்களின் தலைமாட்டில் நின்றுதான் நாங்கள் கலிமா சொல்லிக் கொடுப்போம். அவர் உள்ளே வரும்போது கண்டது அதைத்தான். அலறிக்கொண்டு ஓடி வந்து கட்டிலில் விழுந்தார். "நான் இன்னும் போகல்ல புள்ள, அழாம இரி, ஒரு நிமிஷம் முடியட்டும்" என்று ஹமீது காக்கா தலையை அசைக்காமல் சொன்னார். நான் நிறுத்தவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன். கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, வெட்கத்தில் என்றுதான் நினைக்கிறேன்.

சத்தம் கேட்டு டொக்டர் எழுந்து வந்தார். சிஸ்டர் வரவில்லை. அவர் கணினிக்கு முன்னால் நின்றார். எழுபத்துநாலு அழிந்து, எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடு வந்தது. கோடு அப்படியே நின்றது. பிறகு முப்பத்தொன்பது. பிறகு முப்பத்தெட்டு.

சிஸ்டர் நடந்து வந்தார். ஜெமிலா ராத்தாவின் தோளைப் பிடித்து மெதுவாக விலக்கினார். என் விரலை எடுத்துவிட்டுத் தன் மூன்று விரலை வைத்தார். சட்டையில் குத்தியிருந்த மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தார். முழு நிமிடம். அவ்வளவு பேரும் நின்ற வார்டில் என் கலிமாவைத் தவிர வேறு சத்தமில்லை. நிமிடம் முடிந்ததும், "போதும் நசீர்" என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போகாமல் அறுந்து அறுந்து போகிறதாம். ஊசி போட்டு, அம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்தார்கள். சிஸ்டர் மூன்று நாள் தாளையும் விரித்து வைத்து, கையால் எண்ணியதாக இருந்த இடங்களில் விரலை வைத்து, "இது யாரின்ட கை?" என்று ஒவ்வொரு மிஸ்ஸிடமும் கேட்டார். அந்த எண்களைக் கோடு போட்டு வெட்டி, கீழே தன்னுடைய பெயரை எழுதினார். கமரா டொக்டர் கோபப்படவில்லை. என்னைப் பக்கத்தில் இருத்தி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதுதான் எனக்குத் தூக்கமில்லாமல் செய்தது. வார்டில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். "நானாட பற்றரி இன்னும் இருக்கு" என்று அதே பொடியன் சொன்னான். பாராட்டப் பாராட்ட அந்த ஐந்து தையல்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தில்லையடிக்குப் போனேன். வாசலில் ஜெமிலா ராத்தா என்னைக் கண்டதும், "இந்தா, என்ட மனுசனுக்கு உசிரோட கலிமா சொல்லிக் குடுத்தவர் வந்திருக்கார். இண்டைக்கு ஆருக்குச் சொல்லப் போறீங்க தம்பி, எனக்கா?" என்றார். உள்ளே போய் இருந்தேன். குடிக்கப் பிளேன்டி வந்தது. ஹமீது காக்கா மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. நெற்றியில் தழும்பு.

ராத்தா உள்ளே போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன். "காக்கா, நீங்க வார்டில விழுந்த அண்டு காலையே நான் உங்கட நாடியப் புடிச்சிட்டன். முப்பத்தெட்டு. பிழை எண்டு தெரிஞ்சிச்சு. ஆருக்கும் சொல்லல்ல. தரை ஈரமும் இல்ல. அதுவும் பொய்."

நெற்றித் தழும்பைத் தடவினார்.

"அண்டு காலையில எழும்பி இருக்கக்குள்ளயே எனக்குக் கண் இருட்டினதுதான்" என்றார். "கிணத்துக்குள்ள இறங்கிற மாதிரி. அதுக்கு முதல் நாளும் அப்படித்தான். கமராவுக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரிஞ்சுதானே இருந்திச்சு."

"அப்ப ஏன் காக்கா சொல்லாம இருந்தீங்க?"

"ஆருக்கிட்டச் சொல்ற? டொக்டர் கதைக்க வேணாம் எண்டார். மிஸ்மார் பெட்டியப் பார்த்து எழுதிட்டுப் போனாங்க. நீங்க கையப் புடிச்சீங்க. ரெண்டு நிமிஷம் புடிச்சிக்கிட்டு இருந்தீங்க. நான் கண்ணத் திறந்து உங்கட முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தன். இப்ப கேப்பார், இப்ப கேப்பார் எண்டு. நீங்க கையக் கீழ வெச்சிட்டு வாளியோட போயிட்டீங்க."

குற்றம் சொல்லுகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பிறகு உப்பளத்துக்கு இனிப் போக முடியாது, மருமகன் கடையில் இருக்கச் சொல்கிறான் என்று வேறு கதைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் வேலை செய்தேன். நாடி பிடித்து முடிந்ததும் கையைக் கீழே வைக்காமல், "தலை சுத்துதா? கண் இருட்டுதா? வேற என்ன செய்யுது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அனேகமானோர் ஒன்றுமில்லை என்றார்கள். சிலர் ஊர்க் கதை, மருமகள் கதை எல்லாம் சொல்லத் தொடங்கி என்னைப் போக விடவில்லை. நாற்பது நிமிட வேலை இரண்டு மணித்தியாலம் ஆனது. ஒவ்வொரு கட்டிலிலும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நெஞ்சு இடித்தது. கடைசிக் கட்டில் வரைக்கும், கடைசி நாள் வரைக்கும் அது பழகவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து படுத்தால், ஆட்களைத் தூக்கிய களைப்பை விட அந்தக் கேள்வியைக் கேட்ட களைப்புத்தான் பெரிதாக இருந்தது.